நரி, பூனை, மல்லிகை: ஆனேக்கல் மேட்டுநிலத்துத் திராட்சையும் வெள்ளை ஒயினும்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் எல்லையை ஒட்டியிருக்கும் ஆனேக்கல்லின் பெயரைக் கேட்டவுடன் யானை நினைவுக்கு வருவது இயல்பு. பன்னர்கட்டாக் காட்டின் யானைகள் இன்றும் அவ்வட்டத்தின் கேழ்வரகுக் கொல்லைகளுக்கு வந்துபோகின்றன. ஆயினும் கன்னடத்தில் ‘ஆனேகல்லு’ என்பது ஆலங்கட்டியைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயருக்கு அப்பொருள் கொள்வோர் உண்டு. ‘ஆலிகல்லு’ என்ற வடிவமும் கன்னடத்தில் வழங்குகிறது. தமிழின் ‘ஆலி’யோடு அதற்குள்ள உறவு வெளிப்படை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியோடு வரும் மழை சில ஆண்டுகளில் இம்மேட்டுநிலத்தில் கல்லாக இறங்கும். கருங்கல் தூண்களை நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைப் பந்தலில் படரவிட்டிருக்கும் திராட்சைத் தோட்டக்காரருக்கு அந்த அரைமணி நேரம் ஓராண்டு உழைப்பின் கணக்கை முடித்துவிடும். தோல் கீறிய பழத்தில் பூஞ்சை ஏற இரண்டு நாள் போதும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்நிலப்பரப்பில் இரண்டு திராட்சை வரலாறுகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று, ‘பெங்களூர் நீலம்’ எனப்படும் கறுநீலப் பழத்தினுடையது. மற்றொன்று, 1980களின் இறுதியில் பிரெஞ்சு இரகங்களைக் கொண்டு தொடங்கிய ஒயின் தயாரிப்பினுடையது. அதில் சாவிஞோன் பிளாங்க், வியோனியே முதலிய வெள்ளை ஒயின்களுக்குத் தனி இடமுண்டு. முதலாவது தெருவோரத் தள்ளுவண்டியில் எடைக்கு விற்கப்படுவது. இரண்டாவது கண்ணாடிக் கிண்ணத்தில் சுழற்றி, முகர்ந்து, சொற்களால் மதிப்பிடப்படுவது. இரண்டையும் பிரித்துவைத்ததில் மண்ணுக்கும் மழைக்கும் உள்ள பங்கைவிடச் சொற்களுக்கு உள்ள பங்கு பெரிது.

முதலில், இந்நிலத்தை ஒயின் உலகுக்கு அறிமுகப்படுத்தும் இரண்டு சொற்கள்: ‘குளிர்’, ‘பள்ளத்தாக்கு’. கர்நாடக அரசு 2007இல் திராட்சை, ஒயின் ஆகியவற்றுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. அதன்பின் உருவான ஒயின் வாரியம் மாநிலத்தின் திராட்சைப் பகுதிகளை நந்திப் பள்ளத்தாக்கு, காவிரிப் பள்ளத்தாக்கு, கிருஷ்ணா பள்ளத்தாக்கு என்று வழங்கிவருகிறது. நந்தி மலையடிவாரத்தை நேரில் பார்த்தவர் அங்கே பள்ளத்தாக்கு எங்கே என்று கேட்கக்கூடும். அது மேட்டுநிலத்தின்மேல் எழுந்த பாறைமலைகளைச் சுற்றிய சமவெளி. ‘பள்ளத்தாக்கு’ என்பது நாபா, லுவார், ரோன் என்னும் புகழ்பெற்ற ஒயின் நிலங்களின் பெயரோடு ஒட்டி வந்த சொல். இருந்தும் அதை முற்றிலும் பொய் என்று தள்ளவும் இயலாது. நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஆனேக்கல் வட்டத்துக்குக் கிழக்கே ஓடி ஓசூர் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. நந்திக்கும் ஆனேக்கல்லுக்கும் இடையே இன்று ஒரு மாநகரமே விரிந்து கிடந்தாலும் நீர் வழியே அவை ஒரே நிலம்.

‘குளிர்’ இன்னும் சிக்கலானது. அது ஒப்பீட்டுச் சொல். எதனோடு ஒப்பிட்டு என்பது சொல்லுக்குள் இல்லை. சென்னையிலிருந்து வருபவருக்குப் பெங்களூரின் சனவரி இரவு குளிர். வெப்பம் 15 பாகை செல்சியசுக்கு இறங்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அமரைன், விங்க்ளர் இருவரும் 1944இல் வகுத்த வெப்ப அளவீட்டின்படி பார்த்தால் இதே நிலம் மிக வெப்பமான வகையில்தான் சேரும். ஐரோப்பியக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குகிறது. பெங்களூரில் அது உறங்குவதே இல்லை. ஆகவே இங்கு உழவர் கத்தரியால் அதற்குப் பருவத்தை உண்டாக்குகிறார். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, கொடியை வளர்க்க. செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று, காய்க்கச் செய்ய. ஒயினுக்கான பழம் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், ஆலங்கட்டிப் பருவம் முற்றுவதற்கு முன், அறுவடையாகும். பெங்களூர் நீலமோ இரண்டு கவாத்துக்கும் இரண்டு விளைச்சல் தருவது.

வெள்ளை ஒயினைப் பொறுத்தவரை இந்த வெப்பக் கணக்கு வெறும் புள்ளிவிவரம் ஆகாது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் துவர்ப்பைப் பெறுகிறது. அத்துவர்ப்பு பல குறைகளை மூடும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை விரைவில் தோலிலிருந்து பிரித்துவிடுவார்கள். பிறகு அதைத் தாங்கி நிற்பது புளிப்பு ஒன்றுதான். திராட்சையின் புளிப்பில் டார்டாரிக் அமிலம் வெப்பத்தைத் தாங்கும். மாலிக் அமிலத்தையோ வெப்பமான நாட்களில் பழமே தன் சுவாசத்தில் எரித்துவிடுகிறது. இரவு குளிர்ந்தால் எரிவது குறையும். எனவே நந்தி மேட்டுநிலத்தின் ‘குளிர்’ என்பது உண்மையில் அதன் இரவுகளின் குளிர். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் தன் முதல் சாவிஞோன் பிளாங்க், செனின் பிளாங்க் ஒயின்களை 2000இல் வெளியிட்டபோது அங்கும் நம்பப்பட்டது குளிர்கால இரவுகளையே.

தமிழ்ப் பரப்பில் வெள்ளை ஒயினைச் சுவைத்தல் இந்த நாற்பது ஆண்டுப் பழக்கம் என்று எண்ணத் தோன்றும். தொல்லியல் வேறு விதமாகச் சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடற்பகுதியின் இரட்டைக் கைப்பிடிச் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கோஸ் தீவின் சாடி வகை மிகுதி என்று கண்டார். கோஸ் தீவின் ஒயினைப் பற்றி மூத்த பிளினி எழுதியிருக்கிறார். கடல்நீர் கலந்து செய்யப்படும் அதற்கு ‘வெள்ளைக் கோஸ்’ என்று பொருள்படும் பெயர் வழங்கியது. கோஸ் வகைச் சாடிகளைப் பிற இடங்களிலும் போலச் செய்தார்கள் என்பதால் ஒவ்வொரு ஓடும் அத்தீவின் ஒயினைத்தான் சுமந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கிறித்து பிறப்பையொட்டிய நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் அருந்தப்பட்ட யவன மதுவில் உப்புக் கரிக்கும் வெள்ளை ஒயினுக்குக் கணிசமான பங்கு இருந்திருக்க வேண்டும். கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளுஸ், முசிறிக்கு ஒயின் வந்தது, ஆனால் அதிகம் இல்லை என்று கணக்கெழுதுகிறது.

அதே மதுவைத் தமிழ்ப் பக்கத்திலிருந்து பார்க்கும் சான்று புறநானூற்றின் 56ஆம் பாடல். நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த மதுவைக் குறிப்பிடுகிறார். அங்கே அதற்கு அவர் தரும் அடைகள் குளிர்ச்சியும் மணமும். அதற்கு அவர் இடும் பெயர் ‘தேறல்’. மொழியியல் நோக்கில் இச்சொல் கவனிக்கத்தக்கது. கள், நறவு, மட்டு, தோப்பி, அரியல், பிழி என மதுவகைக்குப் பல சொற்கள் சங்க நூல்களில் உண்டு. ‘பிழி’ செய்முறையைச் சொல்கிறது. ‘நறவு’ மணத்தை நினைவூட்டுகிறது. ‘தேறல்’ தேறு என்னும் வினையிலிருந்து வருவது. கலங்கல் அடங்கித் தெளிந்தது என்பது பொருள். தெளிவு, குளிர்ச்சி, மணம்: இன்று வெள்ளை ஒயினைக் கையிலெடுக்கும் சுவைஞர் முதலில் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துத் தெளிவைப் பார்க்கிறார், 8 முதல் 12 பாகை வரையான குளிர்ச்சியில் அதை வைத்திருக்கிறார், பிறகு முகர்கிறார். நக்கீரருக்குச் சுவை மதிப்பீட்டு வகுப்பு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

இந்தச் சொல்வளம் பின்னாளில் திராட்சைக்குப் பயன்படாமல் போனது. திராட்சைக்கான பழைய சொல் ‘முந்திரிகை’. மலையாளத்தில் இன்றும் ‘முந்திரி’ என்றால் திராட்சைதான். தமிழில் அச்சொல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கொட்டைக்குப் போய்விட்டது. வடமொழி ‘திராட்சை’ நிலைத்தது. மதுவுக்கோ, விவிலிய மொழிபெயர்ப்பின் ‘திராட்சரசம்’ கிடைத்தது. அச்சொல் புளிக்காத சாற்றையும் புளித்த மதுவையும் வேறுபடுத்துவதில்லை. பூசையில் வைக்கப்படும் பொருளுக்கு அந்த மயக்கம் வசதியானது. சுவைத்துப் பேசுவதற்கு ஏற்றதன்று.

இனி, பெங்களூர் நீலம். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னைக் கிண்டியில் இருக்கிறது. அங்கு 2013இல் இப்பழம் குறியீடு பெற்றது. பெங்களூர் நகரம், ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் ஆகியவை அதன் நிலம். ஒன்றரை நூற்றாண்டாக இங்கு விளைவது என்பது மரபு. தாவரவியலார் இதை ‘இசபெல்லா’ என்னும் அமெரிக்க இரகத்தோடு ஒன்றாகக் கருதுகின்றனர். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நாற்றங்கால் நடத்திய வில்லியம் பிரின்சு 1816 வாக்கில் பரப்பிய இரகம் அது. இசபெல்லா கிப்ஸ் என்னும் பெண்மணியின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஐரோப்பியக் கொடியினமான வினிஃபெராவும் அமெரிக்கக் காட்டினமான லாப்ரஸ்காவும் கலந்து பிறந்தது. தடித்த தோல், அழுத்தினால் தோலிலிருந்து வழுக்கி வெளியே வரும் சதை, வீட்டுக்குள் நுழையும்போதே தெரியும் மணம்.

அந்த மணத்துக்குத்தான் ஆங்கிலத்தில் ‘நரித்தன்மை’ என்று பெயர். லாப்ரஸ்கா இனத்தின் காட்டுக்கொடியை அமெரிக்காவில் குடியேறியவர்கள் நரித்திராட்சை என்று அழைத்தார்கள். நரிக்கும் அந்த மணத்துக்கும் என்ன தொடர்பு என்பதில் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. 1683இலேயே வில்லியம் பென் தம் கடிதத்தில், பழகாத நாக்குக்கு அப்படிப் படுவதால் அறியாமையால் வைத்த பெயர் என்று அதைக் கடிந்திருக்கிறார். அவரது எதிர்ப்பு எடுபடவில்லை. ஒயின் நூல்களில் ‘நரித்தன்மை’ ஒரு வருணனையாகத் தொடங்கி ஒரு குறையின் பெயராக முடிந்தது. பிரான்சு 1934-35இல் இயற்றிய சட்டங்கள் ஆறு கலப்பினக் கொடிகளைத் தடைசெய்தன. இசபெல்லா அவற்றுள் ஒன்று. உடல்நலக் கேடு என்ற காரணம் அவற்றின்மேல் சுமத்தப்பட்டது. தேவைக்கு மிஞ்சிய ஒயின் சந்தையை நிறைத்து விலையை வீழ்த்திய காலம் அது என்பதையும் சேர்த்துப் படித்தால் சட்டத்தின் நோக்கம் தெளிவாகும்.

ஆக, பிரான்சில் ஒயினாக்கத் தடைசெய்யப்பட்ட பழம் பெங்களூரில் அரசுக் குறியீடு பெற்ற பழம். கோவாவில் ‘போர்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் இனிப்பு ஒயின்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் இதுவே. கிறித்துமசுக்கு வீட்டில் சாடியில் சர்க்கரையும் கிராம்பும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஒயினுக்கும் இந்தக் கறுநீலப் பழத்தைத் தேடுவோர் பலர்.

ஆனேக்கல்லின் எல்லைத் தன்மையையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது ஓசூர் வட்டம் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனேக்கல்லோ மைசூர் சமஸ்தானத்தில். ஒரே செம்மண், ஒரே மழை, இருபுறமும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் மக்கள். அத்திப்பள்ளிக்கு இப்பால் மது அரசுக்கு வருவாய், அப்பால் குற்றம். தமிழகத்தின் மதுக்கொள்கை பின்னர் பலமுறை திரும்பி, 1983இல் டாஸ்மாக் நிறுவனமாக வந்து நின்றது. அந்த அமைப்பில் மது என்பது பெரும்பாலும் சாராய வகை. திராட்சை உழவரையும் ஒயினையும் ஒரே கொள்கையில் கர்நாடகம் இணைத்தது போல ஒன்று தமிழகத்தில் வரவில்லை. ஓசூர்ப் பக்கம் மேட்டுநிலத்தின் குளிர்ந்த இரவுகள் ரோஜாவுக்குப் பயன்பட்டன.

பெங்களூர் நீலத்தை நல்ல வெள்ளை ஒயினின் தாயாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பெங்களூரை அடுத்த எசருகட்டாவில் 1967இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்க்கா’ என்ற முன்னொட்டோடு பல திராட்சை இரகங்களை உருவாக்கியது. அவற்றுள் ‘அர்க்கா ஹன்ஸ்’ பெங்களூர் நீலத்துக்கும் ‘அனாப்-இ-சாஹி’ என்னும் வெளிர்நிற உண்பழத்துக்கும் பிறந்தது. பழம் மஞ்சள் கலந்த பச்சை. ஒயினுக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கப்பட்டது. கறுநீலத் தாய்க்குப் பிறந்த வெளிறிய பிள்ளைக்கு அன்னத்தின் பெயர் பொருத்தமே. நீரைப் பிரித்துப் பாலை மட்டும் உண்ணும் என்று நம் மரபு சொல்லும் பறவை அல்லவா! ‘அர்க்கா சோமா’ போன்ற வேறு வெள்ளை இரகங்களும் அங்கே உருவாயின. இம்மண்ணில் நோயையும் மழையையும் தாங்கி நின்ற கொடியின் வலிமையை வெள்ளை ஒயினுக்குக் கடத்தும் அறிவார்ந்த திட்டம் அது. சந்தையில் அது வெல்லவில்லை. காரணம் எளிது: புட்டியின் முகப்பில் ‘அர்க்கா ஹன்ஸ்’ என்று எழுதினால் அதை வாங்குவோருக்கு எந்தச் சுவையும் நினைவுக்கு வராது.

நினைவுக்கு வரும் பெயர்களை நட்டவர் கன்வல் குரோவர். மும்பைத் தொழில்முனைவரான அவர், ஷாம்பேன் பகுதியின் ஜார்ஜ் வெசெல் என்னும் ஒயின் வல்லுநரை அழைத்துவந்து இந்தியாவில் இடம் தேடினார். பல பிரெஞ்சு இரகங்களைச் சோதித்தபின் நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் அருகே 1988இல் தோட்டம் தொடங்கியது. 1990களின் நடுவில் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். 2012இல் நாசிக்கின் சம்பா நிறுவனத்தோடு இணைந்து அது குரோவர் சம்பா ஆனது. தன் நாடு தடைசெய்த கொடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செழித்து வளர்ந்த அதே மேட்டுநிலத்தில், ஒரு பிரெஞ்சு வல்லுநர் தம் நாட்டின் மதிப்புக்குரிய கொடிகளுக்கு இடம் குறித்தார். இசபெல்லா இங்கே நிலைத்திருந்ததே திராட்சைக்கு இந்நிலம் ஒக்கும் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த சான்று. அச்சான்றுக்கு ஒயின் வரலாறுகள் அரை வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

சாவிஞோன் பிளாங்க் குறித்துச் சற்று நின்று பேசலாம். அதன் மணத்துக்கு இரு கிளைகள் உண்டு. ஒன்று பச்சை மணம்: குடைமிளகாய், அப்போது அறுத்த புல். அதற்குக் காரணமான பைரசீன் சேர்மங்கள் வெயிலிலும் வெப்பத்திலும் பழத்திலிருந்து குறைந்துபோகின்றன. எனவே குளிர்நாட்டுப் புட்டிகளில் அது ஓங்கும். மற்றொன்று நொதித்தலின்போது வெளிப்படும் கந்தகச் சேர்மங்கள் தரும் மணம்: பாஷன் பழம், கொய்யா. இந்தியச் சாவிஞோனைச் சுவைப்பவர் பொதுவாகப் பச்சையைவிடப் பழத்தையே அதிகம் சந்திக்கிறார். மூக்கில் கொய்யா எழுந்து, நாக்கின் இருபுறமும் புளிப்பு ஓடி, எச்சில் ஊறினால் புட்டி நன்று. புளிப்பு வராமல் கொய்யா மட்டும் நின்றால் பழம் பறிப்பதில் ஒரு வாரம் பிந்திவிட்டது என்று ஊகிக்கலாம். வியோனியே வேறு குணம். புளிப்பு தாழ்ந்தது, பூமணம் ஓங்கியது. வெப்பநிலத்தில் அது எளிதில் கனத்துச் சோர்ந்துவிடும்.

அந்தக் கந்தகச் சேர்மங்களில் ஒன்று மிகச் சிறிய அளவில் பசுமணத்தைத் தரும். சற்றே மிகுந்தால் பூனை மூத்திரத்தின் வாடை. 1990களில் போர்தோவில் தெனி துபூர்தியேயின் குழு அதைக் கண்டறிந்தது. இங்கே வரலாறு தன் கட்சிச் சார்பைக் காட்டிக்கொடுக்கிறது. பூனை மூத்திரம் என்பது சாவிஞோன் பிளாங்க் பற்றிய எழுத்துகளில் ஒரு குறும்பான பாராட்டு. அந்த இரகத்தின் அடையாளம் என்றே அதைச் சொல்வார்கள். நரி என்பதோ இசபெல்லாவைத் தள்ளிவைக்கப் போதுமான சொல். லாப்ரஸ்கா மணத்தின் முதன்மைச் சேர்மமாக 1921இல் அறியப்பட்ட மெத்தில் ஆந்த்ரனிலேட், மல்லிகைப் பூவிலும் இருப்பது; ஆரஞ்சுப் பூவிலும் இருப்பது. முதலில் பெயரிட்டவர்கள் மல்லிகை கட்டும் ஊரில் பிறந்திருந்தால் நரிக்கு அந்த வேலை கிடைத்திருக்காது.

இது விளையாட்டுப் பேச்சன்று. மணத்தைச் சொல் எந்த அளவுக்கு ஆள்கிறது என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஏட்ரியன் லேரர் என்னும் மொழியியலார் 1975இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் ஒயின் பேச்சைப் பற்றி எழுதினார்; 1983இல் அதை நூலாகவும் விரித்தார். ஒருவர் தந்த வருணனையை வைத்து மற்றொருவர் எந்த ஒயின் அது என்று பொருத்துவது எதிர்பார்த்த அளவுக்குக் கைகூடவில்லை என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. 2001இல் மொரோ, புரோஷே, துபூர்தியே மூவரும் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. போர்தோவில் ஒயினியல் பயிலும் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினையும், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய அதே வெள்ளை ஒயினையும் கொடுத்தார்கள். சாயமேற்றிய கிண்ணத்தைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் வருணித்தார்கள். வெள்ளைக்குரிய சொற்கள் வெளிறிய பொருட்களின் பெயர்களாகவும், சிவப்புக்குரியவை கருஞ்செம்மையான பொருட்களின் பெயர்களாகவும் இருந்தன. கண் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தது. மூக்கு அச்சொல்லுக்கு உடன்பட்டது. பெங்களூர் நீலத்தின் பெயரிலேயே நிறம் இருப்பதும், அர்க்கா ஹன்ஸின் வெளிறிய நிறத்துக்கு எந்தச் சொல்லும் காத்திருக்காததும் இந்தப் பின்னணியில் படிக்கத்தக்கவை.

தமிழ் உழவரும் வணிகரும் திராட்சைக்கு மணத்தால் பெயரிட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் மஸ்கட் ஹாம்பர்க் இரகம் தமிழில் ‘பன்னீர் திராட்சை’. அங்கே ‘பள்ளத்தாக்கு’ என்ற சொல் உண்மையான பள்ளத்தாக்கைக் குறிக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டதே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் என்பதால், அப்பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு கொடியாக இருந்திருக்க வேண்டும். பெயர் விஷயத்துக்கு வருவோம். மஸ்கட் வகையின் மணத்தில் ஜெரானியால் முதலிய சேர்மங்கள் உண்டு. அவை ரோஜாவிலும் உள்ளவை. பன்னீர் என்பது ரோஜா நீர். ஒயின் கல்வி பெற்ற ஒருவர் கிண்ணத்தை முகர்ந்து ‘ரோஜா இதழ்’ என்று குறித்துக்கொள்ளும் அதே மணத்தைக் கம்பத்துச் சந்தை பன்னீர் என்று பிடித்துவைத்திருக்கிறது. வேதியியலும் அதை மறுக்கவில்லை.

சாவிஞோன் பிளாங்கின் ஆங்கில வருணனைகளில் தவறாமல் வரும் ஒரு கனியை இந்திய வாசகர் ‘நெல்லிக்காய்’ என்றே புரிந்துகொள்கிறார். ஐரோப்பியரின் ‘கூஸ்பெரி’ வேறு செடி. மென்தோலும் புளிப்பும் கொண்ட சிறுகனி. நம் நெல்லி கடித்தவுடன் துவர்க்கும். வெள்ளை ஒயினில் இருக்கக் கூடாதது அந்தத் துவர்ப்பு. ஆங்கிலத்தில் துவர்ப்பு ஒரு சுவையாகவே எண்ணப்படுவதில்லை, வாயில் ஏற்படும் ஓர் உணர்வு மட்டுமே. தமிழிலோ அது அறுசுவையில் ஒன்று. எனவே ‘நெல்லிக்காய்’ என்று படித்துவிட்டுப் புட்டியைத் திறக்கும் தமிழர், எழுதியவர் நினையாத ஒன்றைத் தேடுகிறார். சில நேரங்களில் அது கிடைத்தும்விடுகிறது. பிழிவதில் கை சற்று அழுத்தமாகிவிட்டால் தோலின் துவர்ப்பு இறங்கும். அதைக் கண்டுசொல்ல நெல்லியை விடப் பொருத்தமான சொல் இல்லை.

பெங்களூர் நீலத்துக்கு இன்னும் அப்படி ஒரு சொல் வாய்க்கவில்லை. மார்ச்சு மாத மாலையில், மேகம் கருக்கும்போது, ஆனேக்கல் பக்கத்துப் பந்தலுக்கு அடியில் பழுத்த குலைகளிடையே நிற்பவருக்கு அந்த மணம் எதை நினைவூட்டுகிறது என்பதை யாராவது கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டு எழுதிவைக்கலாம். கல்மழை வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.